'இதுக்கெல்லாமா அழுவாங்க?'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கத்தில், தோற்ற கால்பந்து அணியின் சட்டையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுத ரசிகர் ஒருவரின் படத்தைப் போட்டு, 'இதுக்கெல்லாமா அழுவாங்க?' என்று தலைப்பு கொடுத்திருந்தீர்கள். தோற்கிற கிளப்பை விட்டுவிட்டு ஜெயிக்கிற கிளப்புக்கு மாறிக்கொள்ளலாமே என்று கீழே ஒரு யோசனை வேறு.

அப்படி மாறுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இந்த வருடம் யார் கோப்பை தூக்குகிறார்களோ அவர்கள் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் அழுது நான் பார்த்ததில்லை.

மற்றவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று தெரிய 2001 மே 19ஆம் தேதியைப் பார்த்தால் போதும். ஜெர்மன் லீக்கின் கடைசி நாள். 1958க்குப் பிறகு லீக் பட்டத்தையே பார்க்காத ஷால்கே கிளப், சொந்த மைதானத்தில் 5-3 என்று ஜெயித்துவிட்டது. பட்டம் கிடைக்க வேண்டுமானால் ஹாம்பர்க்கில் ஆடிக்கொண்டிருந்த பேயர்ன் மியூனிக் தோற்க வேண்டும். அங்கே 90ஆவது நிமிடத்தில் ஹாம்பர்க் கோல் போட்டது. அதோடு ஆட்டமே முடிந்துவிட்டதாக ஷால்கே மைதானத்தில் ஒரு தவறான செய்தி பரவ, ரசிகர்கள் களத்துக்குள் ஓடினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்புறம்தான் பெரிய திரையில் ஹாம்பர்க் ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. 90 நிமிடத்துக்கு மேல் கூட்டித் தரும் இன்ஜுரி டைமில், கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதிக்குள் பேயர்னுக்கு ஒரு ஃப்ரீ கிக். பாட்ரிக் ஆண்டர்சன் அடித்த பந்து, கோல் முன்னால் குவிந்து நின்றவர்களுக்கு நடுவே புகுந்து வலைக்குள் போனது. ஆட்டம் சமன், பட்டம் பேயர்னுக்கு. ஷால்கே சாம்பியனாக இருந்தது சுமார் நாலு நிமிடம். சந்தோஷத்தில் வந்த கண்ணீர் காய்வதற்குள் அதே கூட்டம் அதே புல்லில் நின்று மறுபடி அழுதது. இதைப் பார்த்துச் சிரிக்க முடிகிறவரிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

தோல்வியாவது அடுத்த சீசனில் சரியாகலாம். இங்கிலாந்தின் பரி கிளப்புக்கு அடுத்த சீசனே இல்லாமல் போனது. 1885இல் தொடங்கி, 1900, 1903 ஆண்டுகளில் அந்நாட்டின் பெரிய நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிளப். நடத்தப் பணம் இருக்கிறது என்று உரிமையாளரால் காட்ட முடியாததால் 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. எப்படியும் பிழைத்துவிடும், அடுத்த ஆட்டத்துக்கு மைதானம் தயாராக இருக்கட்டும் என்று அன்று காலையில்கூட ரசிகர்கள் வந்து அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அன்றிரவு அவர்கள் அழுததற்கு நீங்கள் என்ன தலைப்பு கொடுப்பீர்கள்?

அதே மாதம் யூனியன் பெர்லின் முதன்முறையாக ஜெர்மனியின் முதல் டிவிஷனில் ஆடியது. மைதானத்தைப் புதுப்பிக்கக் காசில்லாதபோது ரசிகர்களே சிமென்ட் சுமந்து வேலை செய்த கிளப் அது. முதல் ஆட்டத்துக்கு அவர்கள், இந்த நாளைப் பார்க்காமலே இறந்துபோன அப்பா, தாத்தா, நண்பர்களின் பெரிய படங்களை எடுத்து வந்து கேலரியில் தூக்கிப் பிடித்தார்கள். ஆட்டத்தில் 4-0 என்று தோற்றார்கள் என்பது வேறு விஷயம். படங்களைப் பிடித்திருந்தவர்கள் அழுதது ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே.

கேமராக்காரர்களைக் குறை சொல்லவில்லை. அழும் முகத்தைத் தேடிப் பிடிப்பது அவர்கள் வேலை. கேலி வருவது தலைப்பில்தான். 2021இல் நடந்த யூரோ கோப்பைப் போட்டியில், லண்டன் வெம்பிளி மைதானத்தில் அழுத ஜெர்மன் சிறுமியின் முகம் டிவியில் வந்ததும், வளர்ந்தவர்கள் இணையத்தில் அவளை எவ்வளவு கேவலமாகப் பேசினார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதனால் இரண்டு வேண்டுகோள். இனி இப்படி ஒரு படம் போட்டால், அந்தக் கிளப்புக்கு அன்று என்ன நடந்தது என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். அழுவது குழந்தையாக இருந்தால் அந்தப் படத்தைப் போடவே வேண்டாம்.

இப்படிக்கு,
கால்பந்து பார்க்கும் ஒரு வாசகர்