அது சோம்பேறிச் சட்டி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மணிக்கணக்காக மெல்ல வேகவைக்கும் மின்சாரச் சட்டிதான் ஸ்லோ குக்கர். சென்ற இதழின் சமையல் பகுதியில் 'ஸ்லோ குக்கரில் விலா எலும்பு' என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. அதற்கு மேலே ஒரு வரி: "சோம்பேறிப் பெண்களுக்கு இந்தச் சட்டி ஒரு வரப்பிரசாதம்." அதைப் படித்ததும் இதழை மூடி வைத்தவள், இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். பதினைந்து வருடமாகச் சந்தா கட்டி வாங்கிப் படிக்கும் இதழில் இப்படி ஒரு சொல்லை எதிர்பார்க்கவில்லை.

நான் இருப்பது அமெரிக்காவில், கேன்சஸ் சிட்டியில். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. காலை 6.15க்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை 4 மணி ஆகிவிடும். மறுநாள் விலா சமைப்பது என்றால் முந்தின ராத்திரியே வேலை ஆரம்பித்துவிடும். எலும்புப் பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வை உரித்தாக வேண்டும். கையில் வழுக்கும். ஓரத்தில் கத்தி முனையை விட்டு நெம்பி, பேப்பர் டவலால் இறுகப் பிடித்து இழுத்தால் 'சர்'ரென்று ஒரே உரியாக வரும். உரிக்காமல் விட்டால் எட்டு மணி நேரம் வெந்தாலும் பல்லில் ரப்பர் மாதிரி மாட்டும். அப்புறம் உப்பு, மிளகு, சீரகம், பூண்டுப் பொடி, பழுப்புச் சர்க்கரை தடவி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். விடிகாலையில் எழுந்து, வெங்காயத்தை அடியில் பரப்பி, விலாவைச் சட்டியின் சுவரை ஒட்டி வளைத்து நிறுத்தி, மூடிவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். இதில் சோம்பல் எங்கே இருக்கிறது என்று அந்தக் குறிப்பை எழுதியவர் சொல்லட்டும்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் அப்பத்தா, ராத்திரி அடுப்பை அணைக்காமல் தணலைச் சாம்பலால் மூடி, அதன்மேல் ஆட்டுக்கால் சட்டியை ஏற்றிவிட்டுப் படுப்பார். விடியும்போது எலும்பிலிருந்து சாறு இறங்கியிருக்கும். ஆறினால் அல்வா மாதிரி கட்டிப்பட்டு நிற்கும். ஸ்லோ குக்கரில் நடப்பதும் அதேதான். எலும்பைச் சுற்றியுள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்ல மெல்லக் கரைந்து கொழகொழப்பாக மாறினால்தான் விலாக்கறி மெத்தென்று கழன்று வரும். அவசரப்படுத்தினால் வராது. அப்பத்தாவை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. கைப்பக்குவம் என்றுதான் சொன்னார்கள்.

இந்தச் சட்டியின் கதையும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். இர்விங் நாக்ஸன் என்பவர் இதற்கு 1940இல் காப்புரிமை பெற்றார். லிதுவேனியாவில் அவருடைய பாட்டி காலத்தில், யூதர்களின் ஓய்வு நாளான சபாத்தில் (சனிக்கிழமை) அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்பே ரொட்டிக்கடை அடுப்பில் சட்டியை வைத்துவிடுவார்களாம். அடங்கிவரும் சூட்டிலேயே மறுநாள் வரை அது வேகும். அம்மா சொன்ன இந்தக் கதைதான் அவருக்கு யோசனையைக் கொடுத்தது. 1970இல் எங்கள் கேன்சஸ் சிட்டியைச் சேர்ந்த ரைவல் நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கி, அடுத்த வருடம் 'க்ராக்-பாட்' என்று பெயர் வைத்து விற்றது. வேலைக்குப் போக ஆரம்பித்த பெண்கள்தான் வாங்கினார்கள். பகலெல்லாம் வெளியே உழைத்தவர்கள் அவர்கள்.

சொல்லை விட்டாலும், குறிப்பையாவது சரியாகக் கொடுத்திருக்கக் கூடாதா? "கறி கல்லாக உறைந்திருந்தாலும் அப்படியே போட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். கிருமிகளைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பதுதான் என் தினசரி வேலை. 4 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கறி மணிக்கணக்காகக் கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்தச் சட்டி மெதுவாகத்தான் சூடேறும். அதனால்தான் கறியை ஃபிரிட்ஜில் வைத்து முழுசாக உறைவு நீக்கிய பிறகே போட வேண்டும் என்று இங்கே அரசாங்கமே சொல்கிறது.

இங்கே படிக்க வந்திருக்கும் என் அக்கா மகன் உங்கள் குறிப்பை நம்பிச் செய்தான். நாலு மணி நேரம் கழித்து, "சித்தி, தண்ணி சாம்பல் கலர்ல இருக்கு, நடுவுல இன்னும் விறைப்பா இருக்கு" என்று போன் செய்தான். தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கச் சொன்னேன். 31 டிகிரி செல்சியஸ் காட்டியது. கொட்டிவிடு என்றேன். இருபது டாலர் கறி. மாணவனுக்கு அது ஒரு வாரச் சாப்பாட்டுக் காசில் பாதி. தண்ணீரும் தேவையே இல்லை ஐயா, விலா தன் சாற்றிலேயே வேகும்.

எந்த மிருகத்தின் விலா என்றும் குறிப்பில் இல்லை. 'இறைச்சி' என்று பொதுவாகப் போட்டால் எப்படி? இந்த ஊரில் வெறும் விலா என்று கேட்டால் பன்றி விலாதான் கொடுப்பார்கள். மாட்டு விலா வேறு. நம் ஊர் ஆட்டு நெஞ்செலும்பு வேறு, அதற்கு இத்தனை மணி நேரம் ஆகாது. பன்றியும் மாடும் சாப்பிடாத வாசகர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா? போட்ட படமும் விறகுப் புகையில் மணிக்கணக்கில் வாட்டியது. மேலே கறுத்து, வெட்டிய இடத்தில் ஓரம் சிவந்திருக்கிறது. சட்டியில் வெந்தது வெளுத்து ஈரமாகத்தான் வரும். கடைசியில் சாஸ் தடவி, ஓவனில் மேலிருந்து கடும் சூடு தரும் பிராய்லரின் கீழ் ஐந்து நிமிடம் காட்டினால்தான் கொஞ்சமாவது நிறம் ஏறும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஊறவைத்த ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடச் சொன்னீர்கள். தனியாகக் கொதிக்கவைக்காத ராஜ்மாவில் நச்சு போகாது, இந்தச் சட்டியின் சூடு அதற்குப் போதாது என்று அப்போதே எழுதினேன். வெளியிடவில்லை. ஒரு கேக் குறிப்பில் '350 டிகிரி' என்று மட்டும் போட்டிருந்தீர்கள். ஃபாரன்ஹீட் என்று எழுதவில்லை. மதுரையில் என் தங்கையின் ஓவன் 250 செல்சியஸ் வரைதான் போகும். அதையே முழுசாகத் திருப்பி வைத்தாள். மேலே கரி, உள்ளே மாவு. மகனின் பிறந்தநாள் அன்று அழுதுகொண்டே போன் செய்தாள். அதற்கும் எழுதினேன், பதில் இல்லை.

நான் கேட்பது இரண்டே வரித் திருத்தம். உறைந்த கறியை அப்படியே போடக்கூடாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று அடுத்த இதழின் சமையல் பக்கத்திலேயே, கண்ணில் படுகிற எழுத்தில் போடுங்கள். இடமிருந்தால் எந்த விலா என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கேன்சஸ் சிட்டி, மிசௌரி