வால்வு மாத்தினவங்களுக்கு காய்ச்சல் வந்தா சும்மா விடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

தொடை வழியா குழாய் விட்டு இதய வால்வு மாத்துற டாவி சிகிச்சை பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன். 2002ல ஃபிரான்ஸ்ல டாக்டர் அலேன் க்ரிபியே முதன்முதலா செஞ்ச அந்த சிகிச்சைதான் எங்கப்பாவையும் காப்பாத்துச்சு. ஆனா அபூர்வமா வர்ற சிக்கலை எல்லாம் ஒரே வரியில முடிச்சிட்டீங்களே, மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

வால்வு வச்ச நாலாவது மாசம் அப்பாவுக்கு சாயங்காலமானா லேசா காய்ச்சல், பசியே இல்ல. பக்கத்து டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தாரு, அஞ்சு நாள் நல்லா இருந்தாரு, மாத்திரைய நிறுத்தினதும் திரும்ப வந்துச்சு, மறுபடி வேற மாத்திரை, இப்படியே மூணு வாரம் ஓடிப்போச்சு. ஒருநாள் நகம் வெட்டி விடும்போது பார்த்தேன், ரெண்டு விரல்ல நகத்துக்கு அடியில சிராய் ஏறின மாதிரி கருஞ்சிவப்பா கோடு. எங்கயோ இடிச்சிருப்பாருன்னு விட்டுட்டேன். வால்வு வச்ச டாக்டர் அந்த விரலை பிடிச்சு பார்த்ததுமே முகம் மாறிட்டாரு. புது வால்வுல கிருமி தொத்தியிருக்கலாம், எண்டோகார்டைட்டிஸ்னு பேரு, உடனே அட்மிட் பண்ணுங்கன்னாரு.

ரத்தத்துல என்ன கிருமி இருக்குன்னு வளர்த்துப் பார்க்குற ரத்த கல்ச்சர் டெஸ்ட் எடுத்தா, ஏற்கனவே ஆன்டிபயாடிக் உள்ள போயிருந்ததால முதல்ல கிருமியே வளரல, எந்த மருந்துன்னு முடிவு பண்ண லேட்டாச்சு. அப்புறம் ஆறு வாரம் ஊசி வழியா மருந்து ஏத்திதான் ஆளை மீட்டோம். அந்த மாத்திரைக்கு முன்னாடியே கல்ச்சர் எடுத்திருந்தா எவ்வளவோ நாள் மிச்சம். அதே மாதிரி பல் புடுங்குறது, க்ளீனிங் எதுக்கு போனாலும் செயற்கை வால்வு இருக்குன்னு முன்னாடியே சொல்லணும், அதுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருவாங்க, இதெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

சிகிச்சை நடக்குறப்பவே வால்வு நழுவுறது, இதயத்துக்கு ரத்தம் போற குழாயோட வாய் அடைபடுறது எல்லாம் நூத்துல ஒருத்தருக்கு நடந்தாலே பெருசு, அதை அங்க இருக்குற டாக்டருங்க பார்த்துக்குவாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் நடக்குறதுதான் நம்ம கையில இருக்கு. திடீர்னு மயக்கம் போட்டு விழுந்தா இதய துடிப்போட மின்சார பாதை தடைபட்டிருக்கலாம், துடிப்பை சீராக்குற பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம், வயசாயிடுச்சுன்னு விட்டுடக்கூடாது. சிகிச்சைக்கு அப்புறம் குறைஞ்சிருந்த மூச்சுத்திணறல் மறுபடி கூடினா வால்வு இதழ்ல ரத்தம் உறைஞ்சிருக்கான்னு பார்க்கணும், கண்டுபிடிச்சா பெரும்பாலும் மருந்துலயே கரைஞ்சிடும்.

இந்த சிகிச்சைய குறை சொல்லி பயமுறுத்த எழுதல சார். காய்ச்சல், மயக்கம், மூச்சுத்திணறல், இந்த மூணுக்கும் யாரை எப்ப பார்க்கணும்னு ஒரு இதய டாக்டர்கிட்ட கேட்டு தனி கட்டமா போடுங்க, வெட்டி ஃபைல்ல வச்சுக்குவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி