ஞாயிறு பேச்சு: திரையிலிருந்து மேடைக்கு

நண்பர்களே, இந்த ஞாயிறு 'தி லயன் கிங்' இசை நாடகத்தைப் பற்றிப் பேசுவோம். 1994இல் டிஸ்னியின் அனிமேஷன் படம், 1997இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் மேடை. இயக்குநர் ஜூலி டேமோர் நடிகரை விலங்கு வேடத்துக்குள் ஒளித்து வைக்கவில்லை. சிங்க முகமூடி தலைக்கு மேலே நிற்கும், கீழே மனித முகமும் தெரியும், இரண்டையும் சேர்த்தேதான் பார்க்கிறோம். ஒட்டகச்சிவிங்கியாக வருபவர் கைகளிலும் கால்களிலும் நீளக் கட்டைகளோடு மெல்ல நடப்பார், அதைப் பார்க்கவே கண் போதாது. கேமரா நெருங்கிப் போய்க் காட்டுவதை மேடையில் பாட்டுதான் காட்ட வேண்டும், அதனால்தான் படத்தில் இல்லாத பாட்டுகளும் இதில் உண்டு. படத்தை அப்படியே மேடையேற்றுவது எனக்குப் பிடிக்காது. அப்புறம், பாலே ஆட ஆசைப்படும் பையனின் கதையான 'பில்லி எலியட்' (இதுவும் படமாக வந்து இசை நாடகமானதுதான்) பார்த்தவர்கள், படத்தில் ஆடிய பையன் மேடையில் ஏன் பாடவும் செய்கிறான் என்று முன்கூட்டியே எழுதிப் போடுங்கள்.