பைலட் அண்ணனுக்கு ஒரு வாழ்த்துமடல்

செம்பவாங், சிங்கப்பூர்

அன்பு நண்பா,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் எப்படி இருக்கிறீர்கள்? பெர்த்தில் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டையை எடுத்து வைத்திருப்பாய். என் முட்டிவலிக் கதையை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இது வேறு அவசரம்.

ஆகாயப் படையில் ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்ற நம் பைலட் அண்ணனுக்குப் பாராட்டு விழா வைக்கிறோம். அடுத்த மாதம் கடைசிச் சனிக்கிழமை, சமூக மன்றத்தில். பழைய கடற்படைத் தளத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாரும் கூடுகிறோம். வாழ்த்துமடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. உண்மையில் ஒருவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். “விண்ணை வென்ற வேங்கையே, பகைவர் நெஞ்சில் பாய்ந்த இடியே” என்று ஆரம்பம். அண்ணன் எந்தப் பகைவன் நெஞ்சில் பாய்ந்தார், சொல்? அதை வாசித்தால் மனுஷன் மேடையை விட்டு இறங்கி நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடுவார். வேண்டாம் என்றேன். “அப்படியானால் நீரே எழுதும்” என்றார்கள்.

ஏற்பாட்டுக் குழுவில் ஓர் இளவட்டம் இருக்கிறான். தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் போகிறவன், நல்ல பையன். அவன் கேட்டான்: “சண்டைக்கே போகாதவருக்கு எதுக்கு அங்கிள் இவ்வளவு பெரிய விழா?” பெரிசுகள் முறைத்தார்கள். எனக்கென்னவோ அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஈசூனில் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணி கேசரியும் தேத்தண்ணியும் வைத்தார். அண்ணன் அலமாரியிலிருந்து பறப்புக் குறிப்பேடுகளை எடுத்துப் போட்டார். நீ பார்க்க வேண்டும் அதை. தடித்த அட்டை, ஓரமெல்லாம் நைந்து போயிருக்கிறது. தேதி, விமான வகை, எண், என்ன வேலை, எத்தனை நேரம் என்று வரி வரியாகப் பொடி எழுத்து. பகலில் பறந்ததெல்லாம் நீல மை, இரவில் பறந்தது சிவப்பு. சில மாதங்களில் பக்கம் முழுக்கச் சிவப்பாகவே இருந்தது. “இதெல்லாம் பிள்ளை கைக்குழந்தையா இருந்த வருஷம்” என்று அண்ணி சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணன் பக்கத்தைத் திருப்பினார்.

அவர் சேர்ந்தபோது ஆகாயப் படை என்ற பெயரே கிடையாது, ஞாபகம் இருக்கிறதா? 1968 செப்டம்பரில் தொடங்கியபோது எஸ்ஏடிசி, அதாவது சிங்கப்பூர் வான் பாதுகாப்புக் கட்டளையகம். 1975இல்தான் சிங்கப்பூர் ஆகாயப் படை ஆனது. நம் முதல் ஹெலிகாப்டர்கள் பிரெஞ்சுக்காரர்களின் அலுவெட் 3. பிறகு அமெரிக்க யூஎச்-1, பெல் 212. 1985இல் திரும்பவும் பிரெஞ்சு சூப்பர் பூமா. இதில் இருக்கும் கஷ்டத்தை அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்க ஹெலிகாப்டரின் விசிறி மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும், பிரெஞ்சு விசிறி வலஞ்சுழி. மேலே கிளம்பும்போது உடல் திரும்பாமல் இருக்க ஒன்றில் இடது காலை அழுத்த வேண்டும், மற்றதில் வலது காலை. ஒன்றில் பழகிய கால் இன்னொன்றில் தப்பு செய்யும். வகை மாறும்போதெல்லாம் காலுக்குப் புதுசாகப் பாடம் நடத்த வேண்டியிருந்ததாம்.

சொல்லிக்கொண்டே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காட்டினார். வலது கை இரண்டு முட்டிக்கும் நடுவில், இடது கை நாற்காலிக்குப் பக்கத்தில் தாழ்வாக, கால் இரண்டும் தரையில் பெடல் இருப்பதுபோல. இடது கை கொஞ்சம் உயர்ந்தது, உடனே ஒரு பாதம் தானாக நகர்ந்தது. வலது கை விரல்கள் அசைந்தனவா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பது பந்தின் மேல் ஏறி நின்று ஊசியில் நூல் கோப்பது மாதிரி என்றார்.

கேபிள் கார் விபத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியுமா? கேள்வி முடிவதற்குள் “நான் அதில் இல்லை” என்றார். ஊரில் பாதிப் பேர் அவர்தான் ஓட்டினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்கிறவர்களிடமெல்லாம் இத்தனை வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். 1983 ஜனவரி 29, ‘எனிவெட்டோக்’ என்ற, எண்ணெய்க்குக் கடலடியில் துளை போடும் கப்பலின் கோபுரம் செந்தோசா தீவுக்குப் போகும் கேபிளில் மாட்டி, இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து 7 பேர் இறந்தார்கள். 13 பேர் அந்தரத்தில் தொங்கினார்கள். இரவோடு இரவாக இரண்டு பெல் 212 போய் அத்தனை பேரையும் மீட்டு வந்தன. நீயும் நானும் வானொலிப் பெட்டியை விட்டு நகராத இரவு அது.

தான் போகாவிட்டாலும் அந்த வேலை என்னவென்று அவருக்கு அணு அணுவாகத் தெரியும். தாழ்வாகப் போனால் விசிறிக் காற்றிலேயே பெட்டி ஆடும். உயரமாக நின்றால் கயிறு நீண்டு, இறங்குகிற ஆள் ஆடுவான். ஹெலிகாப்டரின் வயிற்றுக்கு நேர் கீழே நடப்பது பைலட் கண்ணில் படவே படாது. கதவோரம் படுத்துக் கீழே பார்த்து, கயிற்றை இறக்கி ஏற்றும் வின்ச் ஆபரேட்டர் காதில் சொல்வதுதான் அவருக்குக் கண். “முன்னால் மூணு, ரெண்டு, ஒண்ணு, நில்.” அந்தக் குரலை நம்பித்தான் கை நகரும். “நான் நல்லா ஓட்டினேன்னு யாராவது சொன்னா, பின்னால இருந்தவன் நல்லாச் சொன்னான்னு அர்த்தம்” என்றார்.

இதனால்தான் நிபந்தனை போட்டிருக்கிறார். அவரோடு பறந்த வின்ச் ஆபரேட்டர் ஒருவர், சீனர், தெம்பனிஸில் இருக்கிறார். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட மலாய்க்காரப் பெரியவர் உட்லண்ட்ஸில். இரண்டு பேருக்கும் மேடையில் நாற்காலி வேண்டும், இல்லாவிட்டால் தானும் வரமாட்டேன் என்கிறார். குழுவில் ஒரே முனகல். தமிழில் விழா, அவர்களுக்கு என்ன புரியும் என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நன்கொடை கொடுத்தவரை மேடையில் வரிசையாக உட்கார வைக்கும்போது இடம் எங்கிருந்து வருகிறது? கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். மலாயில் நான்கு வரி பேச எனக்கு இன்னும் வரும், சீனருக்கு அந்த இளவட்டம் ஆங்கிலத்தில் சொல்லட்டும்.

அவனுடைய கேள்விக்கு அண்ணன் நேராகப் பதில் சொல்லவில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் பயிற்சி ஆசிரியராக இருந்ததை ஆசையாகப் பேசினார். ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் ஓக்கி என்ற ஊரில் நம் சூப்பர் பூமாக்கள் இருந்தனவே, அங்கேயும் கொஞ்ச காலம். 2004 டிசம்பரில் சுனாமி வந்து இந்தோனேசியாவின் மெலாபோவுக்கு நம் சினூக் ஹெலிகாப்டர்களும் சூப்பர் பூமாக்களும் போனபோது இவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். சாலையெல்லாம் போய்விட்ட ஊரில் அரிசி மூட்டையும் தண்ணீரும் இறக்கியவர்களில் இவர் கையில் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் திரும்பி வந்ததும் இவரைத் தேடி வந்து, “சார், இறங்க இடமே இல்லை, நீங்கள் திட்டினதுதான் ஞாபகம் வந்தது” என்றானாம். நாற்பது நிமிடப் பேச்சில் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தது அப்போது மட்டும்தான். மடலில் இதை எழுதப் போகிறேன். கேள்வி கேட்ட அந்த இளவட்டத்துக்கும் இதுவே பதிலாகப் போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். 1968 ஜனவரியில் வெள்ளைக்காரன் தன் படையோடு சிங்கப்பூரை விட்டுக் கிளம்பப் போவதாக அறிவித்தான், நினைவிருக்கும். கப்பல் பட்டறையில் நம் அப்பாமார்களுக்கெல்லாம் வேலை இருக்குமா இருக்காதா என்று வீட்டுக்கு வீடு அதே பேச்சு. செம்பவாங் விமானத்தளத்து வேலியைப் பிடித்துக்கொண்டு வெசெக்ஸ் ஹெலிகாப்டர்களைப் பார்த்து நின்ற கும்பலில் அண்ணன் இருந்தார், பொடியன்களாக நீயும் நானும் இருந்தோம். பின்னாளில் அதே தளத்திலேயே அவர் வேலை பார்த்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் விண்ணப்பம் போட்டபோது அவர் அப்பா சம்மதிக்கவில்லை என்றும், உன் அப்பாதான் போய்ப் பேசினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அண்ணனைக் கேட்டேன், “அதையெல்லாம் விடுடா” என்றார். உனக்குத் தெரிந்ததை எழுது. உங்கள் வீட்டில் நடந்த பேச்சாயிருந்தால் அம்மா சொன்ன வார்த்தையோடு எழுது.

இரண்டு வாரத்துக்குள் வந்தால் நல்லது, மடலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பழைய படம் ஏதாவது இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பு, தங்கச்சியை எடுக்கச் சொல், நீ எடுத்தால் உன் கட்டைவிரல்தான் தெரியும். உன் ஊர்ப் பக்கத்துப் பியர்ஸ் விமானத்தளத்து ஜெட் சத்தத்தில் மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று போன முறை புலம்பினாயே, அண்ணனிடம் சொன்னேன். அங்கே பறக்கப் பழகுவதில் நம் பிள்ளைகளும் உண்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுக்கச் சொல் என்றார்.

விழாவுக்கு வர முடியுமா பார். டிக்கெட் விலை பார்த்துவிட்டு முடிவு செய். தங்க என் வீடு இருக்கிறது. சாப்பாடு வாழையிலையில் போடுகிறோம், அண்ணனுக்கு உப்புக் குறைத்துத் தனியாக.

உன் பழைய பக்கத்து பெஞ்சுக்காரன்