தம்பிக்கு, பழைய மெயில்கள் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான், எண்ணெய் தேய்த்தால் இறங்குகிறது. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். சித்தப்பா கேட்ட விஷயத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, நீ சொன்னபடியே இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

கம்ப்யூட்டரை மாற்றியாயிற்று. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு மைக்ரோசாப்ட் ஆதரவு முடிந்துவிட்டது, பழைய டப்பாவில் பதினொன்று ஏறாது என்று கடைப் பையன் சொல்லிவிட்டான். மெயிலை என்ன செய்வது என்றால், "எல்லாம் ஜிமெயிலில்தானே இருக்கு, விடுங்கம்மா" என்கிறான். எல்லாம் எங்கே இருக்கிறது? நீ கனடா போன புதிதில் நமக்கு இருந்தது இன்டர்நெட் கனெக்ஷனோடு கொடுத்த விலாசம். அந்தச் சேவையே இப்போது இல்லை. அது பாப் கணக்கு, மெயில் இங்கே இறங்கியதும் அங்கே அழிந்துவிடும்படிதான் வைத்திருந்தாய். முதல் வருடங்களில் நீ எழுதியதெல்லாம் உலகத்தில் இந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தது. விடுவேனா?

மெயில் பார்க்க நீ போட்டுக்கொடுத்த தண்டர்பேர்ட் ப்ரோகிராமையேதான் இன்னமும் வைத்திருக்கிறேன். ஒரு மெயிலைத் தேர்ந்தெடுத்து ஏ எழுத்தை அமுக்கினால் அது ஆர்கைவுக்குப் போய் அந்தந்த வருடத்து ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்கிறது. அப்பா ஒரு நாள் கீபோர்டில் கையை ஊன்றி, மின்சார வாரிய ரசீது காணாமல் போய்விட்டது என்று வீட்டையே ரெண்டாக்கினார். போய்ப் பார்த்தால் ஆர்கைவில் பத்திரமாக இருக்கிறது.

வருடவாரியாக இருந்தால் மட்டும் எனக்குத் திருப்தி வராது என்று உனக்குத் தெரியும். கலெக்டர் ஆபீஸ் புத்தி. அங்கே முடிந்த ஃபைலை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று பிரிப்போமே, அதே மாதிரி எல்.டிஸ். ஒரு வருடம், கே.டிஸ். மூன்று வருடம், டி.டிஸ். பத்து வருடம், ஆர்.டிஸ். நிரந்தரம் என்று லோக்கல் ஃபோல்டர்ஸின் கீழ் நாலு ஃபோல்டர் போட்டுவிட்டேன். பேங்க் விளம்பரம், பஸ் டிக்கெட் எல்லாம் எல்.டிஸ். வருமான வரித் தாள்கள் டி.டிஸ். உன்னுடையது எல்லாமே ஆர்.டிஸ்., "சரிம்மா" என்று ஒரே வார்த்தையில் வந்தது உள்பட. அப்பா சிரிக்கிறார்.

உனக்கும் சொல்கிறேன், இதைக் கவனமாகச் செய். மெயில் சர்வரிலேயே இருக்கும் ஐமேப் கணக்கில் இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். லோக்கலுக்கு நகர்த்தியது நம் டிஸ்கில் மட்டும்தான் இருக்கும், டிஸ்க் போனால் அதுவும் போச்சு. ஆகவே பேக்கப் எடு. தண்டர்பேர்டை மூடிவிட்டு அது மெயிலையெல்லாம் வைத்திருக்கும் ப்ரொபைல் ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய், அது போதும். இன்பாக்ஸ் என்ற பெயரில் பின்னொட்டு எதுவும் இல்லாமல் ஒரு ஃபைல் இருக்கும், அதற்குள்தான் அத்தனை மெயிலும். பக்கத்திலேயே எம்.எஸ்.எஃப். என்று முடிவது வெறும் இண்டெக்ஸ், போனாலும் பாதகமில்லை, அதுவே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

எனக்கு அந்த இன்பாக்ஸ் ஃபைல் பென் டிரைவில் ஏறவே இல்லை. டிரைவில் இடம் தாராளமாக இருக்கிறது, ஃபைல் பெரிது என்கிறது. எஃப்.ஏ.டி. 32 முறையில் இருக்கும் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை வைக்க முடியாதாம். நானும் சும்மா இருக்கவில்லை, எத்தனையோ மெயிலை அழித்தேன். ஃபைல் ஒரு துளி இளைக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது: ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் அடித்த பதிவு மாதிரி, அடித்தாலும் தாள் அங்கேயேதான் இருக்கும். ஃபோல்டரின் மேல் வலது க்ளிக் செய்து காம்பாக்ட் கொடுத்த பிறகுதான் இறங்கியது. அளவுவாரியாக அடுக்கிப் பார்த்து, பெரிய பெரிய படங்களைத் தனியே சேமித்துவிட்டு மெயிலில் இருந்து கழற்றினேன். குட்டி பிறந்த ஆஸ்பத்திரிப் படங்கள் மட்டும் மெயிலிலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் படித்துக்கொண்டே அடுக்கியதில் நாள் போனதே தெரியவில்லை. 2012இல் நீ எவ்வளவு எழுதியிருக்கிறாய்! புளி கிடைக்காமல் எலுமிச்சம்பழத்தில் சாம்பார் வைத்தது, வீட்டுக்காரக் கிழவி ஹீட்டரை அணைத்துவிட்டது, அந்தத் தெலுங்குப் பையனோடு சண்டை. நன்றாக எழுதுகிறாய், யாரிடம் வந்தது என்று கேட்காதே. போன வருடத்து ஃபோல்டரைத் திறந்தால் பேங்க்காரன்தான் உன்னைவிட அதிகமாக எழுதியிருக்கிறான். வேலை இருக்கும், புரிகிறது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போவதை எந்த ஃபோல்டரில் போடுவது?

இன்னொன்று. கண்ட்ரோலும் யூவும் சேர்த்து அமுக்கினால் மெயிலின் மூல வடிவம் அப்படியே வரும் என்று கடைப் பையன் காட்டினான். அதில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கிறது. அனுப்பிய இடத்து நேரம் கிரீன்விச் நேரத்துக்கு எத்தனை மணி முன்னே பின்னே என்று. நமக்கு பிளஸ் 0530. டொராண்டோ என்றால் குளிர்காலத்தில் மைனஸ் 0500, கோடையில் 0400. உன் மெயில் எல்லாவற்றிலும் அப்படியேதான் மாறி மாறி வருகிறது, அழகாக. இந்தப் பொங்கலுக்கு எழுதியதில் மட்டும் மைனஸ் 0700 இருக்கிறது. அதே நாள் மருமகள் குட்டி படம் அனுப்பியிருந்தாள். அதில் 0500தான்.

கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறாக இருக்கும். அப்பாவிடம் சொல்லவில்லை.

மைனஸ் 0700 எந்த ஊர் என்று மேப்பில் பார்த்தேன். அல்பெர்ட்டா, கால்கரி பக்கமாம். அங்கே மைனஸ் முப்பதுகூடப் போகுமாம், ஒரு கோட்டுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். பொதுவாகத்தான் சொல்கிறேன். பட்டுக்கோட்டைக்கு மாற்றலாகி நான் தனியாக ரூம் எடுத்து இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஊரில் என்னென்னவோ பேசினார்கள், உன் பாட்டி உள்பட. வேலை என்றால் அப்படித்தான் இருக்கும், வேறு காரணம் என்றாலும் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிட்டேன், சனிக்கிழமை பஸ் பிடித்து வந்தேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் காலேஜ் காலத்து ஜிமெயில் கணக்கை ஒருமுறை திறந்துவிடு. இரண்டு வருடம் தொடாமல் கிடந்தால் அழித்துவிடலாம் என்று கூகுள் விதி போட்டிருக்கிறது, 2023 டிசம்பரில் இருந்து அமலில் இருக்கிறது. உள்ளே போய் ஒரே ஒரு மெயில் அனுப்பினால் போதும், எனக்கே அனுப்பு. பேக்கப்பும் எடு. வெளி டிஸ்கில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே, பேக்கப் எடு.

பருப்புப் பொடி, வேப்பிலைக்கட்டி, உனக்குப் பிடித்த மோர்மிளகாய் எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கூரியரில் போடலாம் என்று இருக்கிறேன். குட்டிக்குத் தனியாக முறுக்கும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பார்சலாகப் போடவா, தனித்தனியாகப் போடவா? தனித்தனி என்றால் உன்னுடையதற்கு விலாசம் எழுது, தபால் குறியீட்டோடு. கூரியர்காரர் அது இல்லாமல் வாங்க மாட்டார்.

அன்புடன்,
அம்மா