பாட்டுப் போட்டுச் சோதித்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

யாங்கூனில் முப்பது வருடமாகக் கோயில், கல்யாண வீட்டு மைக் செட்டுகளைப் பழுது பார்க்கிறேன். இரண்டு பையன்கள் என்னிடம் தொழில் பழகுகிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

போன தீமிதிக்கு முன் ஓர் ஆம்ப்ளிஃபையருக்கு அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மாற்றி, பாட்டுப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே பாடியது. விழாவில் ஓதுவார் தணிந்த குரலில் தேவாரம் தொடங்கியதும் ஒவ்வொரு சொல்லும் கரகரத்தது. எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. இரவே பெட்டியைத் தூக்கி வந்து, அலமாரியில் கிடந்த என் பழைய சைன் அலை ஜெனரேட்டரிலிருந்து (ஒரே சீராக ஏறி இறங்கும் சோதனை அலையைத் தரும் கருவி) அலை கொடுத்து, ஸ்கோப்பில், அதாவது அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவியில், பார்த்தேன். அளவைக் குறைக்கக் குறைக்க, அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் சின்னதாக ஒரு படி. டிரான்சிஸ்டர்களை எப்போதும் லேசாக விழிப்பாக வைத்திருக்கும் சிறு மின்னோட்டம், பயாஸ், போதவில்லை. பிரீசெட்டை (திருகித் தடையை மாற்றும் சின்னப் பாகம்) கொஞ்சம் திருப்பியதும் படி மறைந்தது. சத்தமான பாட்டில் இந்தக் குறை காதுக்குப் பிடிபடாது.

ஆனால் கொடுக்கிற அலையே சுத்தமாக இல்லாவிட்டால் குறை யாருடையது என்று எப்படிச் சொல்வது? மலிவான கிட்டுகளில் வரும் எக்ஸ்ஆர் 2206 சிப் முக்கோண அலையை வளைத்துத்தான் சைன் ஆக்குகிறது. நன்றாகச் சரிசெய்தாலும் அரை சதவீதம் திரிபு, அதாவது அலை வடிவத்தில் பிசகு, இருக்கும். சைன் அலையை நேரடியாகவே உண்டாக்கும் வீன் பாலச் சுற்று அப்படியில்லை. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 15 நானோ ஃபாரட் கெபாசிட்டர் இரண்டிரண்டு போட்டால் ஏறக்குறைய 1,060 ஹெர்ட்ஸ் வரும். அலையைப் பெருக்கும் ஆப் ஆம்ப் சிப்புக்கு என்இ 5532 போதும். பெருக்கம் சரியாக மூன்றில் நிற்க வேண்டும்: குறைந்தால் அலை அடங்கிவிடும், கூடினால் தலை தட்டையாகும். அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு குட்டி பல்பு. அலை பெரிதானால் இழை சூடேறி அதன் தடை கூடும், பெருக்கம் தானாகக் குறையும். 1939இல், பின்னாளில் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லியம் ஹியூலெட் ஸ்டான்ஃபோர்டில் செய்து காட்டிய வழி இது. என் சுற்றில், பழைய பேனல்களில் கிடைக்கும் 28 வோல்ட், 40 மில்லி ஆம்பியர் பல்பும் 500 ஓம் பிரீசெட்டும் வைத்தேன். வெளிச்சம் தெரியாது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

கெபாசிட்டர் பிளாஸ்டிக் ஃபிலிம் வகையாக இருக்கட்டும். மலிவான செராமிக்கில் மின்னழுத்தத்துக்கு ஏற்ப அதன் ஃபாரட் மதிப்பே மாறும். அப்புறம், இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். கரண்ட் போனாலும் வேலை நிற்காது, 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் உள்ளே வராது.

பத்திரிகையில் இடம் கொடுத்தால் சுற்றுப் படத்தைக் கையாலேயே வரைந்து அனுப்புகிறேன்.

தங்கள் வாசகன்,
யாங்கூன், மியான்மர்