விளக்கை அணைக்கச் சொல்லும் பாட்டு: இசைக்குழுத் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கு,

எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், நாகர்கோவிலில் இருந்துகொண்டு சொந்தக் காசில் பாட்டு போடுகிற உங்கள் குழுவுக்கு வணக்கம். 2017 நவம்பர் 30 அன்று எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரையைத் தாக்கிய ஓகிப் புயலைப் பற்றி நீங்கள் போட்ட பாட்டு இப்போது எங்கள் கடற்கரையில் எல்லார் போனிலும் இருக்கிறது. வரும் நவம்பர் 30 அன்று எங்கள் ஊர் நினைவுக்கூட்டத்தில் நீங்களே வந்து அதைப் பாடப்போவதாகக் கேள்விப்பட்டேன். வருவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாட்டின் கடைசிச் சரணத்தை இங்கே பாடாதீர்கள். அதை மாற்றி எழுதுங்கள்.

எழுதியவர்கள் நீங்கள், உங்களுக்கே வரிகளைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. போனவன் வரமாட்டான், இந்தக் கரைக்கு விடிவு கிடையாது, எல்லாம் கடல் எழுதின விதி, காத்திருக்கிறவளே விளக்கை அணைத்துவிட்டுப் படு என்கிறீர்கள். அதற்குப் பிறகு வெறும் அலைச் சத்தம்.

என் பக்கத்து வீட்டில் அப்படிக் காத்திருக்கிற ஒருத்தி இருக்கிறாள். 2017 நவம்பரில் போட்டில் போன அவள் கணவனின் உடல் கிடைக்கவில்லை. டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள், எந்த உடலோடும் பொருந்தவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஊரே பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது, போய் நிற்க அவளுக்கு ஒரு கல்லறை இல்லை. சிலுவை நிற்கும் சிறு கோயிலான குருசடியில் ஒரு திரி கொளுத்தி வைத்துவிட்டு வருவாள். நீங்கள் அணைக்கச் சொல்கிற விளக்கு அதுதான்.

புயலடித்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவள் மகன் இப்போது கொச்சியிலிருந்து புறப்படும் போட்டில் தொழிலுக்குப் போகிறான். கடைசியாகப் போனபோது உங்கள் கடைசிச் சரணத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டுப் போனான். கரை மறைந்தால் போன் எடுக்காது என்று உங்களுக்குத் தெரியும். அவள் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "டீச்சரே, இவன் எதுக்கு இதப் போட்டான்? அவனுக்க அப்பாவ நெனச்சுப் போட்டானா, இல்ல எங்கிட்ட எதுவும் சொல்லிட்டுப் போறானா?" நான் என்ன பதில் சொல்ல? அந்தப் போட்டு கரை பிடிக்கும்வரை அவள் ஒரு வாய்ச் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை. ராத்திரியெல்லாம் அந்த ஸ்டேட்டஸ் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பையன் நல்லபடியாக வந்தான். ஏன் மக்களே அதைப் போட்டாய் என்று நான் கேட்டேன். "டியூன் நல்லாருந்துது டீச்சர்" என்றான். அவன் மேல் தப்பில்லை. டியூன் உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது.

கோயில் பாடகர் குழுவுக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறவள் என்பதால் பாட்டைப் பலமுறை கவனித்துக் கேட்டேன். முதல் சரணம் அருமை. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்வதை இவ்வளவு நேராக இதுவரை யாரும் பாடி நான் கேட்டதில்லை. பல்லவிக்கு எங்கள் ஒப்பாரி மெட்டை எடுத்திருக்கிறீர்கள், எடுங்கள், அது உங்களுக்கும் உரியது. ஆனால் ஒப்பாரி வைக்கிற எந்தப் பெண்ணாவது பேசாமல் விளக்கை அணைத்துப் படுத்ததைப் பார்த்திருக்கிறீர்களா? அவள் கடலை ஏசுவாள், தேடப் போகாத ஆம்பிளைகளை ஏசுவாள், மாதாவையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பாள். நீங்கள் மெட்டை எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டீர்கள்.

எனக்குப் பொறுக்காதது அந்த 'விதி'. விதி என்று பாடிவிட்டால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். நடந்தது விதியா? ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள் புயல் உருவாகும் முன்பே போய்விட்டவர்கள். கரையில் எச்சரிக்கை வந்தபோது அவ்வளவு தூரத்தில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்ல வழியில்லை. தேடுதல் போதவில்லை என்று எங்கள் ஆட்களே சொந்தப் போட்டில் டீசல் அடித்துக்கொண்டு தேடப் போனார்கள். டிசம்பர் 7 அன்று நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை எட்டு ஊர் சனமும் நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. கைப்பிள்ளைக்காரிகளும் இருந்தார்கள். இரவுவரை எழுந்திருக்கவில்லை. 20 லட்சம் ரூபாய் நிவாரணம் என்ற உறுதியும், காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டம் சொல்லும் ஏழாண்டு காத்திருக்காமல் அவர்களின் குடும்பங்கள் அதைப் பெற்றதும் யாரும் சும்மா தந்ததல்ல. உங்கள் பாட்டில் குழித்துறை இல்லை. அழுகிற பெண் மட்டும் இருக்கிறாள்.

இன்றைக்கும் முகத்துவாரத்தில் ஆள் சாகிறது. ஹெலிகாப்டரோடு ஒரு மீட்பு மையம் வேண்டுமென்று எத்தனை மனு கொடுத்தாயிற்று. ஆனி ஆடியில் கடல் வீட்டுக்குள் வரும்போது கடலைத் தடுக்கக் கல் போடுகிறோம் என்று வருகிற அதிகாரிகள் ஆவணியில் எங்கே போகிறார்கள்? நவம்பர் பிறந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எங்களை அழச்சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்களுக்கு விடிவில்லை என்று எங்கள் பிள்ளைகளே பாடத் தொடங்கிவிட்டால் அந்த அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு எவ்வளவு நிம்மதி! நீங்கள் அதற்காக எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாட்டு அந்த வேலையைத்தான் செய்கிறது.

துக்கத்தைப் பாடக் கூடாதா என்று கேட்பீர்கள். பாடுங்கள். பெரிய வெள்ளிக்கு ஊரே கூடி அழுது பாடிப் பழகிய கரை இது, துக்கத்துக்கு நாங்கள் பயப்படவில்லை. ஆனால் கடலுக்குப் போக வேறு வழியில்லாத பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் காதில் கடைசியாக ஒலிக்கும் வரி, உனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்பதாக இருக்கக் கூடாது. இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். உங்கள் அக்காவின் கோபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தயவாகக் கேட்கிறேன். நவம்பர் 30 மேடையில் முதல் இரண்டு சரணங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அல்லது கடைசிச் சரணத்தைப் புதிதாக எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் எங்கள் ஊருக்கு வந்து, குழித்துறையில் உட்கார்ந்த பெண்களிடம் பேசுங்கள். நானே கூட்டிக்கொண்டு போகிறேன். புதிய சரணத்துக்குக் கூடச் சேர்ந்து பாட ஆள் வேண்டுமென்றால் என் பாடகர் குழுப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள், முன்கூட்டியே மெட்டை அனுப்பினால் போதும்.

அன்புடன்,
தூத்தூர் பகுதிக் கடற்கரை ஊரிலிருந்து ஓர் ஆசிரியை